பத்து நாள் காவல்

கூண்டைக் கழற்றிப் பத்து நாளாகியும் ஒரு மீன்கூட அந்தப் பாசியில் வாய் வைக்கவில்லை. தினமும் இரண்டு முழத் தூரத்தில், கடலடியில் மண்டியிட்டு, காற்றுக்குழாயைக் கடித்துக்கொண்டு நான் காத்திருந்ததுதான் மிச்சம். மீன் ஒரு கடி கடித்தால் பலகையில் ஒரு கோடு போட வேண்டும். பத்து நாளும் பலகை வெறுமையாகவே மேலே வந்தது.

தப்பு என்னுடையதுதான். பாசி மேயும் மீன்களை மூன்று மாதம் உள்ளே விடாவிட்டால் பவளம் என்ன ஆகும் என்று பார்ப்பதற்காக வைத்த கம்பிக்கூண்டு அது. இரண்டாவது மாதம் என் வீட்டுக்காரருக்கு முதுகில் அறுவைச் சிகிச்சை. எங்கள் ஆராய்ச்சி நிலையத்தின் படகை ஓட்டுபவர் அவர். அவர் கட்டிலில், நான் கட்டிலுக்குப் பக்கத்தில். கூண்டு என்ற ஒன்று இருப்பதே எனக்கு அடியோடு மறந்துபோனது. எட்டாவது மாதம் போய்ப் பார்த்தால் இடுப்பளவுக்குப் பாசிக்காடு. அதன் அடியில், என்னைவிட வயதில் மூத்த ஒரு பவளம், சாப்பாட்டு மேசை அகலத்துக்கு வெளிச்சமில்லாமல் கிடந்தது. கையால் பிடுங்கினால் பவளமும் முறிந்துகொண்டு வரும். மீன்களே மேய்ந்து தீர்க்கட்டும் என்று கூண்டைக் கழற்றினேன். கிளிமீன்கள் சுற்றியிருந்த பாறையை நறநறவென்று சுரண்டின. அவற்றுக்கு இளம்பாசி போதும். முற்றியதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. என் கவனக்குறைவால் ஒன்று சாகிறது என்ற நினைப்பில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

பதினோராம் நாள் படகில் அவர் கேட்டார். "நீ சாப்பிடறப்ப எதிர்ல ஒருத்தன் உக்காந்து ஒவ்வொரு வாயா எண்ணிட்டிருந்தா, உனக்கு இறங்குமா?"

"மீனுக்கு அதெல்லாம் தெரியாதுங்க."

"உனக்குத்தான் தெரியல. கேமராவ அங்க வச்சிட்டு மேல வா. கொஞ்ச நேரம் என்கூட சும்மா உக்காரு."

சும்மா உட்காருவது எனக்கு வராத வேலை. நகத்தைக் கடித்தேன்.

"அதுக்கும் கோடு போடட்டுமா?" என்றார். எரிச்சலாக இருந்தது, சிரிப்பும் வந்தது.

மதியம் கேமராவை எடுத்துவந்து படகிலேயே ஓட்டிப் பார்த்தோம். முதல் அரைமணி நேரம் ஒன்றுமில்லை. பிறகு, முற்றிய பாசியையும் தின்னும் ஓரா மீன்கள் இரண்டு வந்தன. ஒன்று தலையைக் கவிழ்த்துக்கொண்டு காட்டுக்குள் புகுந்து மேய்ந்தது. மற்றது வெளியே நின்று நாலாபக்கமும் பார்த்தது. சற்று நேரத்தில் இடம் மாறிக்கொண்டன. பின்னாலேயே இன்னொரு ஜோடி. கடிகளை எண்ணத் தொடங்கி நூற்று நாற்பதில் விட்டுவிட்டேன். பத்து நாளாகப் பந்தி விரித்துவிட்டு, வாசலை நானே மறித்துக்கொண்டு நின்றிருக்கிறேன்! அவரைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

"முதுகு, முதுகு!" என்று அலறினார்.

அதன்பிறகு ஒரு வாரம் அந்தப் பக்கமே தலைகாட்டவில்லை. எட்டாம் நாள் இறங்கினேன். காடு போய் மொட்டைத் தண்டுகள் நின்றன. விலக்கிப் பார்த்தேன். பவளத்தில் பெரும்பகுதி செத்திருந்தது. ஓரத்தில் மட்டும் தேன் நிறத்தில் உயிர் இருந்தது. விரித்த என் கையை அதன்மேல் படாமல் பிடித்து அளந்தேன்; சரியாக ஒரு கை அகலம். அப்பாடா என்றிருந்தது. இவ்வளவு இருந்தால் அது பிழைத்துக்கொள்ளும்.

மேலே வந்தேன். முதுகையும் மறந்து, அவர் படகின் விளிம்பில் குனிந்து நின்றார்.

"இருக்கா?"

குழாய் வாயில் இருந்தது. கையைத் தண்ணீருக்கு வெளியே நீட்டி, ஐந்து விரலையும் விரித்துக் காட்டினேன்.

"அவ்வளவு இருக்கா?" என்றார். தன் கையையும் அதேபோல விரித்து, அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.