உடம்புச் சூடு

எந்தக் கண்ணிலிருந்து லென்ஸ் முதலில் போனது என்று கோகிலவாணியால் இன்று உறுதியாகச் சொல்ல முடியாது. வலது என்றுதான் நினைக்கிறாள். நினைத்து நினைத்து அவளே அதை வலதாக ஆக்கிவிட்டாளோ என்ற சந்தேகமும் உண்டு. தருமபுரிக்கு வெளியே, சேலம் ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் இருக்கும் அந்த நீச்சல் குளத்துக்கு அவளை அனுப்பியது மாமியார் செல்லிதான் என்பதில் மட்டும் சந்தேகம் இல்லை.

கண்ணாடி போட்ட பெண் என்றால் செல்லிக்கு ஆகாது. மகன் மாதவராஜுக்கு அரூரில் பேசிய முதல் சம்பந்தத்தை, "பொறக்கற புள்ளைங்களுக்கும் சோடாபுட்டிதான்" என்று தட்டிக் கழித்தவள். அது தெரிந்துதான் கோகிலவாணியின் அம்மா, பெண் பார்க்க வருவதற்கு முந்தைய வாரம் மகளைக் கூட்டிப்போய் லென்ஸ் வாங்கிக் கொடுத்தாள். மாதவராஜுக்குக் கல்யாணமான மூன்றாம் நாளே தெரிந்துவிட்டது. சிரித்தான். "அம்மாவுக்கு மட்டும் தெரியாம பாத்துக்க" என்றான். சொல்வது எளிது. செல்லி எழும் முன்பே எழுந்து குளியலறையில் தாழிட்டு லென்ஸைப் போட்டுக்கொண்டால், அவள் படுத்த பிறகுதான் கழற்ற முடியும். பதினேழு மணி நேரம். இரண்டே மாதத்தில் கண்கள் சிவந்து கிடந்தன.

செல்லி அதை உடம்புச் சூடு என்றாள். வெள்ளி தவறாமல் மருமகளை உட்கார வைத்து உச்சந்தலையில் விளக்கெண்ணெய் ஊற்றித் தேய்த்தாள். அவள் விரல்கள் இதமானவை. அந்த இதம்தான் கோகிலவாணியை அதிகம் வதைத்தது. எண்ணெய்க்கும் சிவப்பு மாறாததால், "தண்ணியில கெடந்தா எறங்கும்" என்று பெண்களுக்கான காலை வகுப்பில் சேர்த்துவிட்டாள். தானும் கூடவே வந்து, கரையில் பிளாஸ்டிக் நாற்காலியில் மருமகளின் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். லென்ஸோடு குளத்தில் இறங்கவே கூடாது என்று கண் டாக்டர் சொல்லியிருந்தார். அதை இவளிடம் எப்படிச் சொல்வது?

ஒரு மாதமாகியும் அவளால் அக்கரை போக முடியவில்லை. காகிள்ஸின் ஓரத்தில் தண்ணீர் கசியும். லென்ஸ் போய்விடுமோ என்று முகத்தை நிமிர்த்தியே வைத்திருப்பாள். பாதியில் இடுப்பு தாழும். கயிற்றைப் பிடித்துக்கொள்வாள்.

"தலைய உள்ள வுடும்மா!" பயிற்சியாளர் சாயிரா கரையோடு நடந்தபடி கத்துவாள். "ஜன்னல்ல எட்டிப் பாக்கற மாதிரியே போனா எப்பத்தான் போய்ச் சேருவ?"

"பொடுசுங்கல்லாம் போவுது" என்பாள் செல்லி நாற்காலியிலிருந்து. "இவ தண்ணிக்குள்ளயும் பொட்டு அழியக் கூடாதுன்னு பாக்கறா."

குளமே சிரிக்கும்.

அன்றும் சிரித்தது. சிரிப்பு அடங்கும்போது அவள் நடுக்குளத்தில் இருந்தாள். காகிள்ஸுக்குள் தண்ணீர் ஏறிவிட்டிருந்தது. கை கயிற்றைத் தேடிப் போனது. இந்தக் கை எப்போதும் எதையாவது பிடித்துக்கொள்ளவே நீள்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. கல்யாணத்திலிருந்து இப்படித்தான். போனால் போகட்டும். காகிள்ஸைப் பிடுங்கி எறிந்துவிட்டு, முகத்தை முழுதாகத் தண்ணீருக்குள் விட்டு, கண்ணைத் திறந்தாள்.

அடியில் ஓடிய கறுப்புக் கோடு ஒரு கணம் துல்லியமாகத் தெரிந்தது. பிறகு ஒரு கண்ணில் வழுக்கல். கோடு பாதி கரைந்தது. நாலு வீச்சில் மற்றதும் போனது. எங்கும் வெறும் நீலம். கண் எரிந்தது. ஆனால் இடுப்பு தாழவில்லை. உடம்பு நீண்டு படுத்துக்கொள்ள, தண்ணீர் அதைத் தாங்கியது. பார்க்க எதுவும் இல்லாதபோது பயப்படவும் எதுவும் இல்லை. எத்தனை வீச்சு என்று அவள் எண்ணவில்லை. விரல்கள் சுவரில் போய் மோதியபோது வலித்தது. அந்த வலிதான் அக்கரை.

சாயிரா விசிலை ஊதித் தள்ளினாள். கைதட்டல் கேட்டது. மங்கலாக ஒரு சிவப்புப் புடவை பையோடு குளத்தைச் சுற்றி ஓடி வந்தது.

"ஏறி வாடி, ஏறி வா!" செல்லிக்கு மூச்சு வாங்கியது.

"படி தெரியலீங்கத்த. பையில அடியில, நாப்கின் கவருக்குள்ள ஒரு டப்பா இருக்குது. எடுத்துக் குடுங்க."

டப்பா திறக்கும் சத்தம் கேட்டது. செல்லி உள்ளே இருந்த கண்ணாடியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது மங்கலாகத் தெரிந்தது.

"யாருது இது?"

"என்னுதுங்கத்த. ஏழாவது படிக்கறப்ப இருந்து."

"நாங்க பொண்ணு பாக்க வந்தப்ப?"

"கண்ணுக்குள்ள லென்ஸ் போட்டிருந்தேன். தெனமும் அதான். இப்பத்தான் தண்ணியில போச்சு."

"அப்ப சூடு?"

"சூடெல்லாம் ஒண்ணுமில்லீங்கத்த."

"அடிப்பாவி! மூணு மாசமா ஊத்துன வெளக்கெண்ண!"

கோகிலவாணிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கவில்லை. கையை நீட்டிக் கண்ணாடியை வாங்கி, எல்லோரும் பார்க்க ஈர முகத்தில் மாட்டிக்கொண்டு திரும்பினாள். புறப்பட்ட கரை தொலைவில் தெரிந்தது. அவ்வளவு தூரம்!

அந்த லென்ஸ்கள் கிடைக்கவில்லை. அவள் கண் தெளிய மூன்று வாரம் ஆயிற்று. மாதவராஜ் அம்மாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான். சாயிரா மறு வருடம் ஓசூருக்கு வேலை மாறிப் போனாள். செல்லி ஒன்பது நாள் மருமகளோடு பேசவில்லை. பத்தாம் நாள் கேழ்வரகு முறத்தை நீட்டி, "கேவுருல கல்லு கெடக்குது, எனக்குத் தெரியல, நீ பாரு" என்றாள். கோகிலவாணி இப்போது நிற்காமல் பதினாறு முறை அக்கரை போய் வருகிறாள்.