நிழலுக்கு மரம்

சித்தேரி மலையில் ஜமீரின் தையல் கடைக்குப் பின்னாலேயே அவன் குடியிருந்த வீடு. அதன் புழக்கடை முழுவதையும் வீட்டுக்காரர் ஆண்டியின் பலாமரம் மூடியிருந்தது. அதில் ஒரு கிளையைக்கூட வெட்டக் கூடாது என்று குடிவரும்போதே சொல்லிவிட்டார். மரத்தடியில் வெயில் விழாது. பள்ளத்திலிருந்து ஏறும் பனிக்காற்றுக்கு மட்டும் தடையே இல்லை. விடியல் தொழுகைக்குக் கைகால் கழுவ அவன் அம்மா அஸ்கரி பேகம் அங்கேதான் உட்கார வேண்டும். எழுந்திருப்பதற்குள் நெஞ்சு இழுக்கத் தொடங்கிவிடும்.

இன்னொரு பனிக்காலம் இப்படி இழுத்தால் கூட்டிக்கொண்டு போய்விடுவேன் என்று பொம்மிடியில் வாழ்க்கைப்பட்ட அக்கா வஹிதா சொல்லியிருந்தாள். மருமகன் வீட்டுச் சோறு என்றாலே அம்மாவுக்கு இழுப்பு கூடியது.

பனியை மறிக்க ஜமீர் கட்டிய தட்டியைக் காற்று பிய்த்துப் போட்டது. வரிசையாக மரமே வைத்துவிடலாம் என்று ஆடி மாதம் பாப்பிரெட்டிப்பட்டி நாற்றுப்பண்ணைக்கு இறங்கினான். நிழலுக்கு மரம் வேண்டும் என்று கேட்டான். பண்ணைக்கார மாரியப்பன் புங்கனும் வாகையும் கொடுத்தார். துணி அளக்கும் டேப்பால் இடைவெளி பார்த்துக் குழி எடுத்தான். எருவிலும் தண்ணீரிலும் குறை வைக்கவில்லை. கார்த்திகையில் கன்றுகள் நூலாக நீண்டு, வெளிச்சம் தேடி வேலிப்பக்கம் சாய்ந்து, இலையைக் கொட்டின. தண்ணீர் அதிகமோ, தன் கைதான் ராசியில்லையோ என்று மருகினான்.

காய்ந்த கன்று ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு மறுபடி இறங்கினான். பலாமரத்தடியில் நட்டதாகச் சொன்னதும் மாரியப்பன் சிரித்துவிட்டார்.

"நிழலுக்கு மரம்னீங்க, நிழல் குடுக்கற மரம் குடுத்தேன். நிழல்ல வளர்ற மரம்னு கேக்க வேண்டியதுதானுங்களே? சட்டை தைக்கச் சொல்லிட்டு பேண்ட் எங்கன்னா நீங்க என்ன பண்ணுவீங்க?"

ஜமீருக்குச் சிரிப்பு வரவில்லை. இம்முறை மனதுக்குள் ஒத்திகை பார்த்துவிட்டே கேட்டான். மாரியப்பன் கொக்கோ கன்றுகளை எடுத்து வைத்தார். கீழே தென்னந்தோப்பு நிழலிலேயே ஜம்மென்று வருகிறதாம்.

சாக்குப்பையோடு மலையேறி வந்தபோது வாசலில் வஹிதாவின் செருப்பு கிடந்தது. அம்மாவுக்கு அன்று காலை இழுப்பு முற்றிப்போக, பக்கத்து வீட்டார் அக்காவுக்கு ஆள் அனுப்பியிருந்தார்கள்.

மறுநாள் வஹிதாவோடு பொம்மிடிக்குக் கிளம்பிய அஸ்கரி பேகம், பஸ் நிற்கும் கடை வாசலில் கிடந்த சாக்கை விலக்கிப் பார்த்தாள்.

"இது நிழல்ல வருமா?"

"வரும்மா. கேட்டுத்தான் வாங்கினேன்."

"பனி தாங்குமாடா?"

ஜமீர் சாக்கின் வாயை இழுத்து மூடினான். நிழலைப் பற்றி அத்தனை சரியாகக் கேட்டவன், பனியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"இவன் என்னிக்கு முழுசாக் கேட்டிருக்கான்?" என்றாள் வஹிதா, அம்மாவின் கழுத்தில் சால்வையைச் சுற்றியபடி.

"கேட்டுட்டு நடு," என்றாள் அம்மா. "மாப்பிள்ளை வூட்டுல ரொம்ப நாள் என்னை உக்கார வைக்காத."

டிரைவர் ஹாரன் அடித்தார். ஜமீர் சாக்கைத் தூக்கிக்கொண்டு அதே பஸ்ஸில் ஏறினான். பாப்பிரெட்டிப்பட்டி வரைக்கும் அம்மாவின் மூச்சு பின்சீட்டில் இருந்த அவனுக்குக் கேட்டுக்கொண்டே வந்தது.