மண்புழு போன வழி

துணி காயப்போட வந்த கலாதேவிக்கு வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்ததுமே வயிறு எரிந்தது. பக்கத்து வீட்டில் குடியிருக்கும் ஓரகத்தி பிரமிளாவின் சாடியில் மல்லிகை கொத்துக் கொத்தாய்ப் பூத்துக் கிடந்தது. இவள் சாடியில் இலைகூடப் பச்சையாக இல்லை. புந்தோங் கோயில் அம்மனுக்கு ஆடி வெள்ளி முதல் மாலை, இவள் கல்யாணமாகி வந்ததிலிருந்து இவள் வீட்டுப் பூதான். இந்த வருஷம் அதுவும் போய்விடும். நேற்று வந்தவளுக்கு!

இவர்கள் ஊரான லகாட்டில், சுரங்கம் தோண்டி ஈயம் எடுத்த பிறகு மிஞ்சியது வெறும் மணல். செடி வேண்டுமென்றால் சாடிதான். காம்பாரில் விவசாயம் படிக்கும் மகன் தனேஷ் இவள் மல்லிகையைப் பிடுங்கிப் பார்த்தான். வேரெல்லாம் முண்டு முண்டாக வீங்கியிருந்தது.

"கண்ணுக்குத் தெரியாத புழும்மா இது. தானா ரொம்பத் தூரம் போவாது. மண்புழு மேல ஒட்டிக்கிட்டு, அது வயித்துல ஏறிக்கிட்டு, பஸ்ல போற மாதிரி போயிரும். இந்தச் சாடி மண்புழுவ வேற எதுலயும் போட்றாதம்மா."

அவன் அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால் அவளுக்குத் தோன்றியே இருக்காது. அவன் மோட்டார் சைக்கிள் தெருமுனை திரும்பியதும் மண்ணைக் கிளறினாள். நெளிந்ததையெல்லாம் பால் டின் மூடியில் அள்ளி, வேலிக்கு மேலே கையை நீட்டி, பிரமிளாவின் மல்லிகைச் சாடியில் கவிழ்த்தாள். பொய் சொல்வானேன், மனசு நன்றாகவே குளிர்ந்தது.

ஆடி வெள்ளி மத்தியானம் பிரமிளா கோயில் பொங்கலோடு வந்தாள்.

"அக்கா, முதல் மாலைய உங்க பேருலதான் குடுத்தேன். பூசாரி கேட்டாரு, கலாதேவி அக்கா வீட்டுப் பூதான்னு சொல்லிட்டேன். உங்க செடி நோவா கெடக்குதுல்ல, பாவம்லா."

பொங்கலை வாங்கி மூடி வைத்தாள். அப்போதும் பொறாமைதான் வந்தது. இந்த நல்ல குணம் மட்டும் பிரமிளாவுக்கு எங்கிருந்து வருகிறது?

பிரமிளா போனதும் பின்பக்கமாகப் போய், வேலிப் படலைத் தள்ளிக்கொண்டு, போட்டதைத் திரும்பப் பொறுக்க அந்த மல்லிகைச் சாடிக்குள் கையை விட்டாள். ஒரு புழு கிடைத்தது. துழாவியதில் இன்னொன்று.

"என்னக்கா தேடுறீங்க?" பிரமிளா பின்னால் நின்றிருந்தாள்.

"புழு..."

"அட, இருக்கட்டும்லா. புழு இருந்தா மண்ணுக்கு நல்லதுதானே? இதுல நெறைய இருந்துச்சு, மத்த சாடிங்களுக்கும் கொஞ்சம் எடுத்துப் போட்டேன்."

கலாதேவி தலையைத் தூக்கினாள். சுவரோரம் கத்தரி, மிளகாய், துளசி என்று சாடிகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் புழு கழித்த மண், ஈரம் காயாமல், குட்டிக் குட்டிக் குவியலாக எழும்பியிருந்தது.