கிழிசலுக்கு அந்தப் பக்கம்

எங்கள் மளிகைக் கடையில் பொட்டலம் மடிக்கப் பழைய பேப்பர்தான். தாளைப் பாதியாகக் கிழிப்பது என் மனைவி. ஒரு பாதி எனக்கு, மறு பாதி அவளுக்கு. என் பாதியை நான் படித்துவிட்டுத்தான் மடிப்பேன். ஒருமுறை அரைக் கிலோ சர்க்கரைக்கு நின்றவர், நான் ஒரு தேர்தல் செய்தியை முடிப்பதற்குள் மீசை நரைத்துப் போனார். பொய்யில்லை; வந்தபோது கறுப்பாக இருந்ததை நானே பார்த்தேன்.

இப்படி நாற்பது வருடப் படிப்பு. எனக்குத் தெரியாத விஷயமே கிடையாது. எல்லாம் கிழிசல் வரைக்கும் தெரியும்.

டிவி வினாடி வினாவுக்கு ஆள் எடுக்க வருகிறார்கள் என்றதும் மனு போட்டேன். மனைவி தராசிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"போயிட்டு வாங்க. செலக்ட் ஆனீங்கன்னா இஷ்டம் போல படிங்க, வாயே திறக்க மாட்டேன். இல்லேன்னா திங்கக்கிழமையிலேருந்து கடையில வெத்துக் கவருதான். ஒரு எழுத்து இருக்காது."

"ரெண்டு பக்கமுமா?"

"ரெண்டு பக்கமும்."



தேர்வு ஒரு பள்ளிக்கூடத்தில். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு ஓர் அம்மா கேள்வி கேட்டார். பத்துக்குப் பத்து வாங்க வேண்டும். ஒன்பதை ஊதித் தள்ளினேன்.

"ஒரு வருஷத்தை விட ஒரு நாள் நீளமா இருக்கிற கிரகம் எது?"

படித்திருக்கிறேன். 'வருடத்தை விட நாள் நீளமான ஒரே கிரகம்' என்பது வரை படித்திருக்கிறேன். அடுத்த சொல்லில் கிழிசல். மறு பாதி மிளகோடு சலூன்காரர் வீட்டுக்குப் போய்விட்டது.

"ஒரு போன் பண்ணிக்கலாம் சார். ஸ்பீக்கர்ல போடுங்க."

கடைக்குப் போட்டேன்.

"அன்னிக்கு மிளகு வாங்கின சலூன்காரரைக் கொஞ்சம் கூப்பிடு. ஒரு கிரகம் அவருகிட்ட மாட்டிக்கிச்சு. வருஷத்தை விட நாள் நீளமான..."

"வெள்ளி கிரகம்," என்றாள். "நம்ம கடை மாதிரி. வேறென்ன வேணும், ஆளுங்க நிக்கிறாங்க."

"உனக்கெப்படித் தெரியும்?"

"என் பாதியை நான் படிக்க மாட்டேனா? நான் மடிச்சுக்கிட்டே படிக்கிறேன். நீங்க மடிக்காம படிக்கிறீங்க."

அந்த அம்மா போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அவளிடமும் பத்துக் கேள்வி. பத்துக்கும் பட் பட்டென்று பதில். நடுவில் இரண்டு பேருக்குச் சீரகம் நிறுத்த சத்தமும் கேட்டது.

"ரெண்டு பேருமே பாஸ் சார். ஆனா ஒரு வீட்டுக்கு ஒருத்தர்தான். பேசி முடிவு பண்ணிக்குங்க."

பேசினோம். அதாவது, அவள் பேசினாள்.

இப்போது அவள் தாளைக் கிழிப்பதில்லை. போட்டிக்காக உள் அறையில் முழுத் தாளாகப் படிக்கிறாள். கடையில் நானும் வெற்றுக் கவரும்.

நேற்று அந்த நரைத்த மீசைக்காரர் வந்தார். கவரை எடுத்து உற்றுப் பார்த்தேன்.

"அதுல என்ன போட்டிருக்கு?"

"ஒண்ணுமில்லே."

"அப்போ சர்க்கரையைப் போடுங்க."

"இருங்க, இன்னொரு பக்கம் பாக்கல."