கேட்பதற்கு முன் வந்த பதில்

இருபத்தோராவது தடவையாக 'எழுத்துக்கூட்டி' தன் நம்பரை அடித்தார். பிறகு பாஸ்வேர்ட். வலது கை ஆள்காட்டி விரல் ஒன்றுதான் வேலை செய்தது. மற்ற ஒன்பதும் வேடிக்கை பார்த்தன. திரை கொஞ்சம் யோசித்துவிட்டு, காலையிலிருந்து சொன்னதையே திரும்பச் சொன்னது: அனுமதி இல்லை.

"மாமா, கடைசி எழுத்து சரியா விழுந்துச்சா?" என்றாள் பக்கத்தில் நின்ற மச்சினிச்சி.

"விழுந்துச்சு. விழற சத்தம்கூடக் கேட்டுச்சு."

மூட்டை அடுக்குகளுக்கு நடுவிலிருந்து மேஸ்திரி குரல் கொடுத்தார். "அவன் ஒவ்வொரு எழுத்தா கூட்டி முடிக்கிறதுக்குள்ள கம்ப்யூட்டருக்கே தூக்கம் வந்துடும்மா. அதான் கதவைத் திறக்க மாட்டேங்குது."

கிடங்கே சிரித்தது. அவரும் சிரித்து வைத்தார், ஆனால் சுருக்கென்றுதான் இருந்தது. நாற்பத்து மூன்றாம் வயதில் மாலை வகுப்புக்குப் போய் எழுத்துக் கற்றவர் அவர். லாரிப் பலகையோ மாத்திரை அட்டையோ, எதைக் கண்டாலும் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டித்தான் வாசிப்பார். எதையும் தாண்டிப் போகமாட்டார். அதனால் கிடங்கில் அவருக்கு 'எழுத்துக்கூட்டி' என்பதே பெயராகிவிட்டது.

மச்சினிச்சி அவர் மனைவியின் கடைசித் தங்கை. ரோட்டுக்கு எதிர்ப்புறம் இருக்கிற அலுவலகக் கட்டடத்தில், கம்பெனிக்கு வேண்டிய இணையப் பக்கங்களைச் செய்து தருகிறவள். இப்போது கிடங்குக்காக ஒரு பக்கம் செய்திருந்தாள். எந்த லாரி, எத்தனை மூட்டை, யார் ஏற்றியது என்று மேஸ்திரியின் நோட்டில் போவதெல்லாம் இனி அந்தப் பக்கத்தில் போக வேண்டும். அதற்கு ஒரு ஆள் கிடங்கிலேயே உட்கார்ந்து அடிக்க வேண்டும்.

அந்த ஆள் அவர்தான் என்று ஒரு பேச்சு. மூன்று வாரம் முன்பு மூட்டையோடு திரும்பும்போது இடுப்பில் ஏதோ பிசகி, இரண்டு பேர் தூக்கித்தான் படுக்க வைத்தார்கள். இனி பாரம் தூக்கினால் கால் மரத்துப் போகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மேனேஜர் ஒரே வார்த்தையில் முடித்தார்: சனிக்கிழமைக்குள் பக்கம் ஓடினால் அந்த நாற்காலி அவருக்கு. ஓடாவிட்டால் பழையபடி நோட்டு, திங்கட்கிழமை அவர் மூட்டைக்கு வர வேண்டியதுதான். இன்றைக்கு வியாழன்.

"தள்ளுங்க, நான் என் பேரை அடிச்சுப் பாக்கிறேன்," என்று மச்சினிச்சி உட்கார்ந்தாள். பத்து விரலும் பறந்தன. அனுமதி இல்லை.

"அட! எனக்கும் சாத்திடுச்சே."

அந்த நொடியில் அவருக்கு உண்டான நிம்மதியை வெளியே சொல்ல முடியாது. "பாத்தியா? என் விரல் மேல தப்பில்ல," என்றார், மேஸ்திரிக்குக் கேட்கும்படி.

மச்சினிச்சி தன் மடிக்கணினியைத் திறந்து அதிலிருந்து நுழைந்தாள். பக்கம் ஜோராக வந்தது. அதே கிடங்கு, அதே மேசை, அதே ஆள். ஆனால் ஒன்று திறக்கிறது, மற்றது மறுக்கிறது. அவள் முகத்தில் எரிச்சல் போய் வேறு ஒன்று வந்தது. புதுப் புதிர் கிடைத்தால் அவளுக்குப் பசி தெரியாது என்று அவர் மனைவி சொல்வதுண்டு.

"இது என்ன கூத்துன்னு எனக்கும் சொல்லேன்," என்றார்.

"அலுவலகம் ஒரு டொமைன் மாமா, கிடங்கு ஒரு டொமைன். ரெண்டு தனி வீடுன்னு வச்சுக்குங்க. பக்கம் இருக்கிறது எங்க வீட்டுல. நீங்க இங்கேர்ந்து வரணும்னா, 'இவர் எங்க ஆளுதான்'னு உங்க வீட்டு சர்வர் ஒரு சீட்டு குடுக்கும். எங்க வீட்டு சர்வர் அதைப் பாத்துட்டு உள்ள விடும். சம்பந்தி வீடு மாதிரி, ஒருத்தரை ஒருத்தர் நம்பணும்."

"இப்ப சம்பந்திங்களுக்குள்ள சண்டையா?"

"சண்டைன்னா காரணம் சொல்லுமே! ஒண்ணும் சொல்லாம மூஞ்சியைத் திருப்பிக்குது."

கேபிளைப் பிடுங்கிச் செருகினாள். ரோட்டைத் தாண்டிப் போகிற இணைப்பைச் சோதித்தாள், நன்றாக இருந்தது. முகவரிகளைப் பார்த்தாள், சரி. நடுவில் காவலுக்கு வைத்திருந்த தடுப்பை ஐந்து நிமிடம் திறந்து வைக்கச் சொல்லி மேசை ஃபோனில் கெஞ்சினாள். திறந்தார்கள். அப்போதும் அனுமதி இல்லை. கடைசியில் இரண்டு பக்கத்துச் சர்வர்களின் பதிவுகளையும் அச்சடித்துக்கொண்டு வந்து மேசையில் போட்டாள். ஒரு சாண் உயரக் காகிதம்.

"உங்க நம்பர் வர்ற வரியில மட்டும் பென்சிலால கோடு போட்டு வைங்க மாமா. நான் போய் இன்னொருத்தரைக் கேட்டுட்டு வரேன்."

அவர் கண்ணாடியை மாட்டினார். நம்பரை மட்டும் பார் என்றால் அவருக்கு வராது. வரியின் தலையிலிருந்து வால் வரைக்கும் வாசித்தால்தான் வாசித்த மாதிரி. எல்லா வரியும் தேதியில் ஆரம்பித்தது, பிறகு மணி, நிமிடம், நொடி, அப்புறம்தான் மற்றதெல்லாம். சாப்பாட்டு மணி அடித்து எல்லாரும் போன பிறகும் அவர் விரல் வரிக்கு வரி ஊர்ந்துகொண்டிருந்தது.

கிடங்குக் காகிதம்: பதினொன்று இருபத்தைந்துக்கு அவர் நம்பர் சீட்டு வாங்கியிருக்கிறது. அலுவலகக் காகிதம்: அந்தச் சீட்டை மறுத்தது பதினொன்று பதினைந்து.

விரல் நின்றது. திரும்ப வாசித்தார். அடுத்த தடவை முயன்றதைத் தேடினார். கேட்டது பதினொன்று முப்பத்தொன்று, மறுத்தது பதினொன்று இருபத்தொன்று. இன்னும் ஒன்று. அதுவும் அப்படியே.

கேட்பதற்குப் பத்து நிமிடம் முன்பே இல்லை என்று சொல்லியிருக்கிறது!

ஆள் யாருமில்லாத கிடங்கில் அவருக்குச் சிரிப்பு வந்தது. கேட்குமுன்னே மறுக்கிற ஆட்களை வாழ்க்கையில் நிறையப் பார்த்திருக்கிறார். மிஷினில் இப்போதுதான் பார்க்கிறார். மச்சினிச்சி திறந்து வைத்துவிட்டுப் போன மடிக்கணினியின் மூலையில் நேரம் தெரிந்தது: பன்னிரண்டு நாற்பது. தலையை நிமிர்த்திச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டு ஐம்பது.

சிரிப்பு நின்றுவிட்டது.

அந்தப் பத்து நிமிடம் எங்கிருந்து வந்தது என்று கிடங்கில் நாற்பது பேருக்கும் தெரியும். ஏழு வருடத்துக்கு முன்பு, இந்தப் பக்கம் வருகிற பஸ்ஸின் நேரத்தை மாற்றினார்கள். சரியாக ஆறு மணிக்கு ஸ்டாப்பில் நிற்கும். கிடங்கிலிருந்து ஸ்டாப்புக்கு எட்டு நிமிட நடை. ஆறுக்குக் கார்டு அடித்துவிட்டு ஓடினால் பஸ்ஸின் முதுகைத்தான் பார்க்கலாம். அடுத்தது ஏழு மணிக்கு. அப்போதிருந்த கம்ப்யூட்டர்காரர் மேஸ்திரிக்கு வேண்டப்பட்டவர். கிடங்குச் சர்வரின் நேரத்தைப் பத்து நிமிடம் முன்னால் தள்ளி வைத்துவிட்டு ஓய்வு பெற்றுப் போய்விட்டார். கார்டு அடிக்கிற மிஷினும் அதைத்தான் கேட்டு நடக்கும். சுவர்க் கடிகாரத்தை மேஸ்திரி ஸ்டூல் போட்டு ஏறித் தள்ளினார். காலையில் பத்து நிமிடம் முன்னால் வருவார்கள், மாலையில் பத்து நிமிடம் முன்னால் போவார்கள். வேலை நேரம் ஒரு நொடி குறையாது. கைப்பேசிகளை வாசலில் பெட்டியில் போட்டுவிட்டு உள்ளே வருவதால், வெளி நேரம் உள்ளே நுழைவதே இல்லை. அலுவலகத்துக்காரர்கள் ரோட்டைத் தாண்டி இந்தத் தூசிக்குள் வருவதும் இல்லை.

சாப்பிட்டுவிட்டு வந்த மேஸ்திரியை அடுக்குக்குப் பின்னால் கூட்டிப்போய்க் காகிதத்தைக் காட்டினார்.

மேஸ்திரி வெகுநேரம் பார்த்தார். "அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிட்டியா?"

"இன்னும் இல்ல."

"சொல்லாத. சொன்னா நேரத்தைச் சரி பண்ணிடுவாங்க. அப்புறம் ஏழு மணி பஸ்தான். வீட்டுல போய்ப் பிள்ளைங்க முகத்தைப் பாக்க எட்டரை ஆகும்." குரலைத் தாழ்த்தினார். "உன் ஒரு முதுகுக்காக நாப்பது பேர் நிக்கணுமா? நீயே சொல்லு."

மேஸ்திரி கெட்டவர் இல்லை. அன்றைக்கு இவரைத் தூக்கிப் படுக்க வைத்த இரண்டு பேரில் அவர் ஒருவர்.

மச்சினிச்சி வந்தபோது அவர் காகிதத்தைக் குப்புறக் கவிழ்த்து வைத்திருந்தார். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் ஒரு கேள்வி உள்ளே குடைந்துகொண்டே இருந்தது.

"ஏம்மா, ஒரு பேச்சுக்குக் கேக்கிறேன். சீட்டு குடுக்கிற வீட்டுக் கடிகாரமும் சீட்டு பாக்கிற வீட்டுக் கடிகாரமும் ஒத்துப்போகலைன்னா என்ன ஆகும்?"

"அஞ்சு நிமிஷம் வரைக்கும் பொறுத்துக்கும். அதுக்கு மேலன்னா ஏத்துக்காது. யாரோ திருடின சீட்டோன்னு சந்தேகப்படும். எதிர்காலத்துலேர்ந்து வர்ற சீட்டை எவன் நம்பு..." அவள் நிறுத்தினாள். மெல்ல நிமிர்ந்து சுவரைப் பார்த்தாள். மடிக்கணினியைப் பார்த்தாள். மறுபடி சுவர். "மாமா!"

"கத்தாத."

"காலையிலேர்ந்து அந்தக் கடிகாரத்துக்குக் கீழதானே உக்காந்திருக்கேன்! நேரத்தை ஒரு தடவைகூடப் பாக்கலையே. எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"நீ தாண்டித் தாண்டிப் படிக்கிற. எனக்குத் தாண்டத் தெரியாது." பிறகு பஸ்ஸையும் மேஸ்திரியையும் ஏழு வருடத்தையும் சொன்னார். சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தார். "இப்ப நீ நேரத்தைச் சரி பண்ணினா எனக்கு நாற்காலி கிடைக்கும். அதுல நான் எப்படி உக்காருவேன்?"

அவள் நகத்தைக் கடித்தபடி யோசித்தாள். "இதுக்கு எதுக்குக் கடிகாரத்தைத் தள்ளணும்? எட்டு - ஆறு ஷிஃப்டை, ஏழு அம்பதுலேர்ந்து அஞ்சு அம்பது வரைக்கும்னு மாத்தச் சொல்லிக் கேட்டிருக்கலாமே?"

அலுவலகத்தைக் கேட்பது என்ற யோசனை ஏழு வருடத்தில் நாற்பது தலையில் ஒரு தலையில்கூட முளைக்கவில்லை. நேரத்தையே நகர்த்தினார்கள். ஆனால் ஒரு மனு எழுதவில்லை.

மேஸ்திரியிடம் போய்ச் சொன்னபோது அவர் பொரிந்து தள்ளினார். "கேக்கிறதா? கேட்டா இல்லைன்னுதான் சொல்லுவாங்க. அதோட ஏழு வருஷக் கதையும் வெளிய வந்து என் தலை உருளும்."

"உருண்டா என் தலையும் சேந்து உருளட்டும் மேஸ்திரி. மனுவை என் கையாலயே எழுதறேன். முதல் கையெழுத்து என்னோடது."

"நீ எழுதி முடிக்கிறதுக்குள்ள நான் ரிட்டயர் ஆயிடுவேன்," என்றார் மேஸ்திரி. ஆனாலும் பேனாவை எடுத்து நீட்டினார்.

அன்று மாலை இடைவேளை முழுக்க எழுதினார். ஒன்பது வரி. பஸ் நேரம், நடை தூரம், கடிகாரத்தைத் தள்ளியது, வேலை நேரத்தில் ஒரு நொடியும் குறையாதது, எதையும் விடவில்லை. நாற்பது கையெழுத்துகளும் ரேகைகளும் கீழே விழுந்தன.

வெள்ளிக்கிழமை காலை மேனேஜர் அறையில் மூவரும் நின்றார்கள். மேனேஜர் மனுவை வாசித்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், மறுபடி வாசித்தார்.

"ஏழு வருஷமா?"

"ஆமாங்க," என்றார் மேஸ்திரி.

"ஏழு வருஷமா நான் அங்கேர்ந்து வர்ற கார்டுல கையெழுத்துப் போட்டிருக்கேன். ஒரு நாள்கூட எனக்குத் தெரியலை." கோபமா, ஆச்சரியமா என்று அந்த முகத்தில் பிரித்துச் சொல்ல முடியவில்லை. "இதை வெளிய சொல்லாதீங்க, என்னைத்தான் கேலி பண்ணுவாங்க. லாரி கேட்டை பத்து நிமிஷம் முன்னாடி திறக்கணும், அவ்வளவுதானே? மூணு மாசம் பாப்போம். சிக்கல் வந்தா பழைய நேரம்தான்." மனுவின் ஓரத்தில் அவர் எழுதுவதை எழுத்துக்கூட்டி தலைகீழாகவே கூட்டி வாசித்தார். ஏழு ஐம்பது முதல் ஐந்து ஐம்பது வரை.

சனிக்கிழமை, கிடங்கு நேரப்படி பதினொன்று ஐம்பதுக்கு, மச்சினிச்சி சர்வரின் நேரத்தைச் சரி செய்தாள். மேஸ்திரி ஸ்டூலில் ஏறி முள்ளைப் பின்னால் திருப்பினார். பதினொன்று நாற்பது. எல்லாரும் மூட்டையை இறக்கிவிட்டு அண்ணாந்து பார்த்தார்கள். இப்போதுதான் கழிந்த பத்து நிமிடம் புத்தம் புதிதாக மறுபடி முன்னால் கிடந்தது.

"மேஸ்திரி, இந்தப் பத்து நிமிஷம் யார் கணக்கு?" என்று ஒருவன் கேட்டான்.

"முள்ளைத் தள்ளின அன்னைக்கு உங்ககிட்டேர்ந்து எடுத்ததுடா. திருப்பித் தரேன். உக்காருங்க."

நாற்பது பேரும் மூட்டைகளின் மேல் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தவர்கள் சும்மா இருப்பார்களா? எழுத்துக்கூட்டியைச் சுற்றிக்கொண்டார்கள். அவர் நாற்காலியில் இடுப்பை மெல்ல இறக்கி, நம்பரை அடித்தார். பாஸ்வேர்டை அடித்தார். திரை யோசித்தது.

பக்கம் திறந்தது. இடது ஓரத்தில் நாற்பது பேரின் பெயர்களும் ஒன்றன் கீழ் ஒன்றாக வந்தன.

"ஏய், என் பேரு இருக்கு!"

"உன் பேரு இல்லாம, மூட்டையை லாரியே தூக்கிக்குமா?"

மச்சினிச்சி அவர் தோளில் லேசாகத் தட்டினாள். "முதல் லாரியைப் போடுங்க மாமா."

வாசலில் நின்ற லாரியின் நம்பர் பலகையைப் பார்த்து அவர் ஒவ்வொன்றாகக் கூட்டினார், ஒவ்வொன்றாக அழுத்தினார்.

"சீக்கிரம்பா, லாரி துருப்பிடிக்குது," என்றார் மேஸ்திரி.

"பிடிக்கட்டும் மேஸ்திரி," என்றார் அவர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். அடுத்த எழுத்தைத் தேடி விரல் நகர்ந்தது.