தெளிவாகக் கேட்ட ஏழு தட்டு

எனக்குப் பதினாலு வயதில் அப்பா மதராஸுக்குக் கூட்டிப்போய் கிராமபோன் தட்டில் ஒரு பாட்டுப் பாட வைத்தார். நடுவில் 'மிஸ் தங்கபாய், திருவனந்தபுரம்' என்று அச்சடித்திருந்தார்கள். மறு வருஷமே கல்யாணம். மிளகாய் மொத்த வியாபாரி கோலப்பன் வீட்டு மருமகள் பாடக்கூடாது என்றார்கள், வாயை மூடிக்கொண்டேன். பதினாறு வருஷம்! என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

வீட்டிலிருந்த ஒரே தட்டு ஊசி தேய்த்துத் தேய்த்து வெறும் இரைச்சலாகிவிட்டது. போன வாரம் அதைக் கேட்ட என் மகள் சூடாமணி, "இது நீயாம்மா? பப்படம் பொரிக்குத சத்தம்லா வருகு" என்று சிரித்தாள். எனக்குச் சுருக்கென்றது. ஒரே ஒரு தடவையாவது அவள் என் பாட்டைக் கேட்கவேண்டும். ஜெர்மன் சண்டைக்கு முன் அடித்த, அதிகம் ஓடாத தட்டு எங்காவது கிடைக்காதா என்று அவளையும் கூட்டிக்கொண்டு சாலைக்கடைத் தெருவுக்குப் போனேன்.

பழைய தட்டு விற்கும் பகவதிப்பெருமாள் சிரித்தார்.

"மைனி, அதையெல்லாம் அண்ணாச்சியாக்குமே வாங்குகாரு! இதுவரை ஏழு தட்டு. இரைச்சல் உள்ளது வேண்டாம்பாரு. புது ஊசி போட்டு முழுசும் கேப்பாரு, குரல் தெளிவா இருந்தாத்தான் எடுப்பாரு. அவ்வளவு பிரியம்!"

வெட்கங்கெட்ட மனசு குளிர்ந்துபோனது. என் வீட்டுக்காரர் எனக்காகச் சேர்த்து வைத்திருக்கிறார், பாவம், வாய்விட்டுச் சொல்லத் தெரியாத மனுஷன் என்று நினைத்துக்கொண்டே ஆரியசாலையிலிருக்கும் எங்கள் கடைக்கு ஓட்டமும் நடையுமாகப் போனேன்.

"அந்தத் தட்டெல்லாம் எங்க வச்சிருக்கீங்க?" என்றேன்.

அவர் முகம் வெளுத்தது. கண் மட்டும் கிடங்குப் பக்கம் போனது. உள்ளே போய்ப் பார்த்தேன். மிளகாய் மூட்டைகளுக்குப் பின்னால் ஒரு கள்ளிப்பெட்டி. அதற்குள் எல்லாம் துண்டு துண்டாகக் கிடந்தது. ஒரு சில்லில் என் பெயரில் பாதி இருந்தது. சுத்தியலால் அடித்திருக்கிறார்.

"ஏன்?"

"சரக்கெடுக்க வாறவன் எல்லாம், 'பெண்சாதிக்கு நல்ல குரலாக்கும், கொள்ளாம்'னு சொல்லுகான். எனக்குக் கொறச்சலா இல்லையா?"

"அப்ப வீட்டுல உள்ளத ஏன் விட்டு வச்சீங்க?"

"அதுல யாரு பாடுகான்னு தெரியாதுல்லா."

கேட்டீர்களா அநியாயத்தை! பெட்டியை இழுத்து வந்து கடைவாசலில் கொட்டினேன். மூட்டை சுமக்கிறவர்கள் நின்று பார்த்தார்கள். அங்கேயே நின்று அந்தப் பாட்டை எடுத்தேன்.

"ஏட்டி, ஆளுக கேக்காங்க. பிள்ள வேற நிக்கு!"

"அவளுக்குத்தான் பாடுகேன்."

அவர் எழுந்து வந்து கடைப் பலகைகளைச் சாத்தப் பார்த்தார். எதிர்க்கடைக்காரர் தராசைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்தார். சரணத்தில் மேலே போகும்போது என் குரல் உடைந்தது. உடையட்டும் என்று விடாமல் பாடினேன். யார் பாடுகிறாள் என்று தெரு முழுக்கத் தெரிந்தது.