கோடு போட்டு டபிள்யூ

இப்போதெல்லாம் ஒரு காரியத்தைச் செய்தவன், நான்தான் செய்தேன் என்று சொல்வதில்லை. கேட்டால் அடுத்த மேசையைக் கை காட்டுகிறான். அங்கே மனிதன் இருந்தாலாவது சட்டையைப் பிடிக்கலாம். தொண்ணூற்று நான்காம் வருஷம் வெள்ளக்கடை ஊருக்கு மேலே மலையில் இருக்கும் எஸ்டேட் ஆபீஸில் எனக்குக் காட்டியது ஒரு மிஷினை.

எஸ்டேட் ஊற்றுத் தொட்டியிலிருந்து எங்கள் காடு தோட்டங்களுக்கு முறை வைத்துத் தண்ணீர் விடுவது என் அப்பன் காலத்து ஏற்பாடு. என் முறை செவ்வாய்க்கிழமை. தொட்டிச் சுவரில் கறுப்பு அடித்து, யாருக்கு எந்தக் கிழமை என்று சாக்பீஸால் எழுதியிருக்கும். முறையை மாற்ற வேண்டுமானால் கொடுக்கிறவனும் வாங்குகிறவனும் தொட்டிக்கு வந்து நிற்க வேண்டும். ஒருவன் வராவிட்டால் சாக்பீஸை யாரும் தொடமாட்டார்கள். மூன்றாவது வரை படித்த எனக்கே அந்தச் சுவர் புரிந்தது.

அதற்கு வெள்ளையடித்துவிட்டார்கள். முதலாளியின் மருமகள் தேவகுமாரி பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்தவள். முறைப் பட்டியல் இனிமேல் ஆபீஸ் கம்ப்யூட்டரில்தான் என்று சொல்லிவிட்டாள்.

அந்தப் பங்குனியில் என் காட்டில் நாற்பது ஆரஞ்சுக் கன்றுகள் நின்றன. வைத்து ஏழு மாதம். இரண்டு செவ்வாய் தண்ணீர் வரவில்லை. குழாய் அடைத்திருக்கும் என்று முதல் வாரம் நானே தேடிக் குத்திப் பார்த்தேன். இரண்டாவது வாரம் தொட்டிக்கு ஏறினேன். தண்ணீர் திறந்துவிடும் ஜேசுதாஸ் வால்வைத் திருகிக்கொண்டே, "லிஸ்ட்டுல உங்க பேரு இல்லீங்களே. செவ்வா பங்களா ரோசாவுக்குன்னு இருக்குது. மே மாசம் மலர்க் கண்காட்சி வருதில்லீங்க?" என்றான்.

கன்றுகளின் இலை சுருண்டுவிட்டது. இன்னொரு செவ்வாய் தவறினால் பிடுங்கிப் போட வேண்டியதுதான். நேராக ஆபீசுக்குப் போனேன்.

"வாங்க பெரியவரே, ஊட்டுல எல்லாரும் சவுக்கியமுங்களா?" என்றார் எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் ஸ்தனிஸ்லாஸ்.

"சவுக்கியம் கெடக்குது. எம்பட தண்ணி எங்கீங்க?"

தேவகுமாரி உள்ளிருந்து வந்தாள். நாற்காலி போடச் சொன்னாள். நான் உட்காரவில்லை.

"பயப்படாதீங்க ஐயா. யாரு எப்ப என்ன மாத்தினாங்கன்னு இதுல எல்லாமே நிக்கும். திருட்டுத்தனமே பண்ண முடியாது" என்றாள்.

பிறகு எனக்கு விளக்கினாள். மிஷினுக்குக் கொடுக்கும் உத்தரவுக்குப் பின்னால் ஒரு சின்னக் கோடும் ஒரு எழுத்தும் போடுவார்களாம். கோடு போட்டு எல் என்றால் பட்டியலுக்குப் பூட்டு. ஒருவர் திருத்தும்போது இன்னொருவர் கை வைக்க முடியாது. கோடு போட்டு ஆர் என்று தட்டி, எத்தனையாவது பட்டியல் என்ற எண்ணையும் கொடுத்தால் அந்தப் பழைய பட்டியல் வரும். இத்தனை அதிகாரத்தை ஒற்றை எழுத்திடம் கொடுத்திருக்கிறார்களே என்று எனக்கு வாய் கசந்தது.

அவள் தட்டினாள். படித்தாள். முகம் மாறியது.

"ஐயா, நீங்களே விட்டுக் கொடுத்ததா இருக்குதே. மார்ச் ஒம்பதாந்தேதி, திருத்தினவர் ஐயாக்கண்ணு."

"நானா? அந்தப் பொட்டியை நான் தொட்டதே இல்லீங்க அம்மிணி. இங்கிலீசுல எம்பேரை எழுதினா அது எம்பேருன்னே எனக்குத் தெரியாது."

அவள் ரைட்டர் பக்கம் திரும்பினாள். "கோடு போட்டு டபிள்யூ போட்டீங்களா?"

"போட்டேனுங்க. எல்லாரும் ஒரே பேருல மிஷினுக்குள்ள போறோம், அதனால டபிள்யூ போட்டுப் பேரு எழுதுங்கன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க."

"திருத்தினவங்க பேரை எழுதச் சொன்னேன்."

"முப்பது வருசமா மனு நோட்டுல யாரோட காரியமோ அவங்க பேரைத்தானுங்க ஓரத்துல எழுதறேன். இது அவரு காரியம்."

"எங்காரியத்தை எங்கிட்டக் கேட்டீங்களா?" என்றேன்.

"ரோசா வாடுதுன்னு பங்களாப் பெரியம்மா சொன்னாங்க..." என்று இழுத்தார். கூசவே இல்லை. பேனாவை எடுத்துக் காது குடைய ஆரம்பித்தார்.

நான் தேவகுமாரியைக் கேட்டேன்: "அப்ப யாரு பேரை எழுதினாலும் இந்த மிசினு நம்புமுங்களா?"

"நம்புமுங்க."

"எங்கப்பன் பேரை எழுதினா?"

"எழுதலாம்."

"அவரு செத்து இருவது வருசமாச்சு."

ரைட்டர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை, அந்த மட்டுக்கு நல்லவள். கோடு போட்டு ஆர் போட்டாள். பழைய பட்டியல் அப்படியே வந்தது. அதில் செவ்வாய்க்கு எதிரே இருப்பது என் பெயர் என்று விரல் வைத்துக் காட்டினாள். டபிள்யூ எது என்று கேட்டேன். மேலும் கீழுமாக மடக்கி வைத்த கம்பிபோல ஒரு எழுத்தைக் காட்டினாள்.

"பாத்தீங்களா ஐயா, எதுவும் அழியல. ரைட்டர் இப்பவே இதைத் திருப்பி ஏத்திருவார். அடுத்த செவ்வா தண்ணி வந்துரும்."

ரைட்டர் உட்கார்ந்தார். பூட்டினார், பழையதைக் கொண்டுவந்து வைத்தார், உத்தரவைத் தட்டினார். நான் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். ஒரு கோடு. அதன் பக்கத்தில் அந்த மடக்குக் கம்பி. அதற்கப்புறம் நீளமாக ஒரு பெயர்.

"இப்ப யாரு பேருங்க போட்டீங்க?"

"உங்க பேருதானுங்க. உங்க காரியந்தானே?"

தேவகுமாரியைப் பார்த்தேன். இப்போது அவளும் சிரித்துவிட்டாள். "விடுங்க ஐயா, இந்தத் தடவை உங்களுக்கு நல்லதுதானே செஞ்சிருக்காரு" என்று சொல்லி, புதுப் பட்டியலை அச்சடித்து என்னிடம் நீட்டினாள். காகிதத்தின் ஓரம் முழுக்க ஓட்டை ஓட்டையாக இருந்தது.

"நீங்களே வெச்சுக்குங்க அம்மிணி" என்றேன்.

எனக்குக் கெட்டது செய்தபோதும் நான்தான் செய்தேனாம். நல்லது செய்தபோதும் நான்தான் செய்தேனாம். ரைட்டர் ஒன்றுமே செய்யவில்லை. எச்சில் ஊறியது, அங்கே துப்பக் கூடாது என்று விழுங்கிக்கொண்டேன்.

"செவ்வாக்கெழமை வந்துருமுங்க, நம்புங்க!" என்று பின்னாலிருந்து ரைட்டர் கத்தினார்.

நான் திரும்பவில்லை. வெள்ளைச் சுவரிலும் தெரிகிற மாதிரி கடையில் ஒரு நீலச் சாக்பீஸ் வாங்கிக்கொண்டு தொட்டிப் பக்கம் நடந்தேன். செவ்வாய் காலையில் அங்கே நான் நிற்பேன். வால்வு திறந்து தண்ணீர் என் குழாயில் இறங்கட்டும், அப்போது நம்புகிறேன்.